உறையூர்ச் சுருட்டும் ஹவானாவும்: ஒரு பதினாறணாக் கணக்கு

திருச்சியில் சுருட்டு வாங்கப் போனால், சரக்கைக் காட்டுவதற்கு முன்னால் சர்ச்சிலைக் காட்டுகிறார்கள். "சர்ச்சில் குடிச்ச சுருட்டு சார் இது" என்றுதான் பேச்சே தொடங்குகிறது. ஊருக்குத் திரும்பி அதே சுருட்டைப் பற்ற வைத்தால், துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் அத்தை மகன் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். "இந்தக் கருமத்தையா குடிக்கிறீங்க? ஒரு ஹவானா பிடிச்சுப் பாருங்க, அப்புறம் இதைக் கையால தொட மாட்டீங்க." இரண்டு பேரும் சுருட்டைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. ஒருவர் ஒரு பெரிய பெயரைச் சொன்னார். மற்றவர் ஒரு பெரிய விலையைச் சொன்னார். இலை எப்படி, கட்டு எப்படி, எரிகிறதா, வாயில் என்ன மிஞ்சுகிறது என்ற கேள்விகளை யாரும் தொடவில்லை. அவற்றை எடுத்துத் தராசில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் சர்ச்சிலை வழியனுப்பிவிடுவோம். அவர் கியூபாவுக்குப் போனது 1895 நவம்பரில். இருபத்தொன்றாவது பிறந்தநாள் அவருக்கு அங்கேதான் வந்தது. பெங்களூர்ப் பாளையத்துக்கு அவருடைய படைப்பிரிவு வந்தது 1896-ல். ஹவானா முந்தி, தென்னிந்தியா பிந்தி. பாளையத்தில் மலிவாகக் கிடைத்த திருச்சிச் சுருட்டை அவர் பிடித்தே இருக்கலாம். ஆனால் ஆயுசு முழுக்க அவர் நாடியது ஹவானாவை. 1946-ல் அவர் ஹவானாவுக்குப் போய் வந்த பிறகு, 'ரோமியோ இ ஹூலியேட்டா' என்ற கியூபாப் பெயரில் வரும் ஏழு அங்குலச் சுருட்டுக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். இன்றும் உலகத்துச் சுருட்டுக் கடைகளில் 'சர்ச்சில்' என்றால் அந்த அளவுதான். அதோடு, 1943-ல் வங்காளத்தில் சோறில்லாமல் இலட்சக்கணக்கில் மக்கள் செத்தபோது லண்டனில் பிரதமராக இருந்தவர் அவர். நெல் விளைகிற சீமையில் உட்கார்ந்துகொண்டு அவரிடம் நற்சான்று வாங்குவதில் எனக்குக் கூச்சம் உண்டு.

அவரைவிட நல்ல சாட்சி ஆர்தர் கானன் டாயில். 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலை நடந்த அறையில் உதிர்ந்து கிடந்த சாம்பலைப் பார்த்தே இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். கருத்த நிறம், செதில் செதிலாக உதிரும் தன்மை, இந்த இரண்டும்தான் அடையாளம். நூற்று நாற்பது வகைப் புகையிலைச் சாம்பலைப் பற்றி ஆய்வுரை எழுதியவர் என்றும் அந்தப் பாத்திரத்துக்குப் பெருமை உண்டு. கதைதான், இருந்தாலும் அங்கே புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. சாம்பலைக் குனிந்து பார்த்தார், கண்டதைச் சொன்னார். திறனாய்வுக்கு அதுதான் முதல் படி.

சுருட்டின் வம்சத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்தது. பெயரை நாம் கொடுத்தோம்: நம் 'சுருட்டு' அவர்கள் வாயில் 'சரூட்டோ' ஆகி, ஆங்கிலத்தில் 'செரூட்' ஆயிற்று. திருச்சிச் சுருட்டு என்று உலகம் சொன்னாலும் இலை திண்டுக்கல் சீமையுடையது. சென்னை ஸ்பென்சர் கம்பெனி சுருட்டு ஆலை நடத்தியதும் திண்டுக்கல்லில்தான். திருச்சி கொடுத்தது பாளையத்து வாடிக்கையையும் உறையூர்க் கைகளையும். சோழர் தலைநகராக இருந்து, பிறகு நெசவுக்குப் பேர்போன உறையூரில் சுருட்டும் கைத்தொழிலாக நிலைத்தது. அங்கிருந்து கிழக்கே தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் வரைக்கும் நாற்றங்காலிலும் களத்துமேட்டிலும் அதற்கு வாய் இருந்தது. இலை ஒரு ஊர், கை ஒரு ஊர், வாய் ஒரு ஊர் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால், குறை வரும்போது யார் தலையில் கட்டுவது என்று தெரியும்.

இனி பரீட்சை. மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்து களம் ஓய்ந்திருந்தது. திருவையாற்றுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையோரம் பெரியப்பா வீட்டுத் திண்ணை. மூன்று பேர் உட்கார்ந்தோம். பெரியப்பா ஐம்பது வருஷத்துச் சுருட்டுக்காரர். இன்னொருவர் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர். எப்போதாவது பிடிப்பவர், மண்ணையும் இலையையும் தெரிந்தவர். மூன்றாவது நான், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் விட்டவன். இந்தக் கணக்குக்காக மட்டும் புகையை வாயில் நிறுத்தி ஊதிவிட்டேன்.

சரக்கும் மூன்று. முதலாவது, உறையூரில் நூல் போட்டுக் கட்டாக விற்கும் சாதாரணச் சுருட்டு. ஒன்றின் விலை சில ரூபாய். இரண்டாவது, அதே வட்டாரத்துச் சரக்கைப் பட்டுப்போன்ற காகிதத்தில் சுற்றி, பொன்னிறப் பட்டை கட்டி, மரப்பெட்டியில் அடுக்கி, 'பிரீமியம்' என்று விற்பது. விலை பல மடங்கு. மூன்றாவது, அத்தை மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த கியூபாச் சுருட்டு. ஒன்றின் விலையில் ஒரு மூட்டை அரிசி வாங்கலாம். பெயர்களைச் சொல்லப் போவதில்லை. புகையிலை விளம்பரத்தை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. பெயரைச் சொல்லித் திட்டினாலும் அது பாதி விளம்பரம்தான்.

பட்டைகளைக் கழற்றினோம். கியூபாச் சுருட்டின் தலை மூடியிருக்கும், நம் சுருட்டுக்கு இரண்டு முனையும் திறந்திருக்கும் என்பதால், எல்லாவற்றையும் முன்கூட்டியே வெட்டி ஒரே மாதிரி ஆக்கினோம். நடுப்பகுதியைப் பழைய தினத்தாள் துண்டால் சுற்றினோம். பெரியம்மாதான் எடுத்துக் கொடுத்தார். எது எது என்று அவருக்கு மட்டும் தெரியும். முதல் மாலையில் ஒரு வரிசை, மறுநாள் மாலையில் அதைத் திருப்பிப் போட்ட வரிசை. முதலில் பிடித்தது அடுத்ததன் ருசியைக் கெடுக்கும் என்பதற்காக அந்த ஏற்பாடு. இதெல்லாம் செய்தும் ஒரு ஓட்டை உண்டு: ஐம்பது வருஷமாகப் பழகிய நெடியைப் பெரியப்பாவின் மூக்கு தாள் சுற்றினாலும் கண்டுபிடித்துவிடும். அவருடைய மதிப்பை அதற்குத் தக்கபடி எடுத்துக்கொண்டேன்.

மதிப்பெண் எப்படிப் போடுவது? அமெரிக்கச் சுருட்டுப் பத்திரிகைகள் நூற்றுக்கு இத்தனை என்று போடுகின்றன. ஒயினுக்குப் போட்ட பழக்கம் அங்கிருந்து சுருட்டுக்கு வந்தது. அதில் தொண்ணூற்றொன்றுக்கும் தொண்ணூற்றிரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று எந்த நாக்காலும் சொல்ல முடியாது. பெரியப்பா வழி சுலபம்: "நல்ல சரக்குன்னா பதினாறணா." அதையே பிடித்துக்கொண்டோம். கட்டுக்கு நாலணா, எரிவுக்கு நாலணா, ருசிக்கு நாலணா, பிடித்து முடித்த பிறகு வாயில் மிஞ்சுவதற்கு நாலணா. அரையணா வரைக்கும் நாக்கு பிரித்துச் சொல்லும். அதற்குக் கீழே போகவில்லை.

முதலில் கட்டு. சுருட்டைக் காதோரம் வைத்து விரலால் உருட்டினால் சரசரவென்று நொறுங்கும் சத்தம் வரக்கூடாது. அமுக்கினால் எங்கும் கல்போலவோ பஞ்சுபோலவோ இருக்கக்கூடாது. பற்ற வைப்பதற்கு முன்னால் வெறுமனே இழுத்தால் காற்று தடையில்லாமல் வர வேண்டும். அதேசமயம் வைக்கோல் குழாயில் உறிஞ்சுவதுபோல ஓடியும் வரக்கூடாது. உறையூர்க் கட்டு இதில் எங்களை ஆச்சரியப்படுத்தியது. மேலிலையில் நரம்பு தடித்திருந்தது, ஓரிடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது, பார்வைக்கு முரடு. ஆனால் உள்ளிலை சீராக அடைந்திருந்தது. இழுப்பு நன்றாக வந்தது. கியூபாச் சுருட்டு இரண்டில் ஒன்று வெண்ணெய்போல இழுத்தது. மற்றது நடுவில் முடிச்சு விழுந்து, கன்னம் ஒட்ட இழுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு விலைக்கு அது மன்னிக்கக்கூடிய பிழையில்லை. பெட்டிச் சுருட்டின் மேலிலை வழவழப்பாக இருந்தது. உள்ளே நுனியில் நெருக்கம், அடியில் தளர்ச்சி. ஆக, கட்டில் உறையூருக்கு மூன்றணா, கியூபாவுக்கும் மூன்றணா, பெட்டிக்கு இரண்டரை. உருட்டிய கை என்று பார்த்தால் நம் ஊர் தோற்கவில்லை. இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அடுத்து எரிவு. இங்கேதான் ஹோம்ஸ் கண்ட சாம்பல் எங்கள் திண்ணையிலும் உதிர்ந்தது. உறையூர்ச் சுருட்டின் சாம்பல் கருஞ்சாம்பல். அரை அங்குலம் நிற்பதற்குள் செதிலாக வேட்டியில் விழுந்தது. கியூபாவின் சாம்பல் வெளுத்து, ஓர் அங்குலத்துக்கு மேல் நின்றது. வெள்ளைச் சாம்பல் என்றாலே உயர்ந்த சுருட்டு என்று ஒரு நம்பிக்கை சுருட்டுக்காரர்களிடம் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. சாம்பலின் நிறம் மண்ணில் இருக்கும் சுண்ணாம்பு, மக்னீசியம் போன்ற தாதுக்களைச் சொல்லும்; ருசியைச் சொல்லாது. பார்க்க வேண்டியது நெருப்பு வட்டம் சீராக இறங்குகிறதா, கீழே வைத்தால் கனல் நிற்கிறதா என்பதை. புகையிலை ஆராய்ச்சிக்காரர்களும் இதைத்தான் அளக்கிறார்கள்: இலையில் ஒரு பொறியை வைத்து, அது எத்தனை விநாடி கனன்றுகொண்டிருக்கிறது என்று எண்ணுவார்கள். எங்கள் கணக்கு இன்னும் எளிது. கியூபாச் சுருட்டுக்கு ஒரே தீக்குச்சி போதும். உறையூர்ச் சுருட்டுக்கு ஐந்து குச்சி கிழித்தோம். பெட்டிச் சுருட்டுக்கும் ஐந்து. அதோடு ஒரு பக்கமாக எரிந்து, மறுபக்கம் நாக்குபோல நீட்டிக்கொண்டது.

நான் உறையூருக்கு ஓரணா என்று எழுதப் போனேன். பெரியப்பா கையைப் பிடித்தார். "அணையறதை ஏன்டா குத்தம்ங்கறே? வாய்க்கால்ல மடை திறக்கணும்னா சுருட்டைக் காதுல சொருகிக்கிட்டு இறங்குவேன். ஏறி வந்து மறுபடி பத்த வெச்சுக்குவேன். ஒரு சுருட்டு ஒரு பொழுதுக்கு வரும். நீ சொல்ற சுருட்டு நான் வயல்ல நிக்கிறப்ப தானா எரிஞ்சு தீர்ந்துடும். காசு யாருது?"

இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியவில்லை. கனல் நிற்பது நல்லது என்று நாங்கள் வைத்த அளவுகோல், சாய்வு நாற்காலியில் ஒரு மணி நேரம் சும்மா உட்காரக்கூடியவனுடைய அளவுகோல். நடவுக்கும் களையெடுப்புக்கும் நடுவில் நாலு இழுப்பு இழுப்பவனுக்கு, விட்டால் அணைகிற சுருட்டுத்தான் சிக்கனம். அப்படியானால் ஒரே தராசில் இரண்டையும் நிறுப்பது நியாயமா? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன். சரக்கு தன்னைப் பற்றி என்ன வாக்குக் கொடுக்கிறதோ, அந்த வாக்கை வைத்து நிறுக்க வேண்டும். கட்டுச் சுருட்டு வயல்காரனுக்கு என்று சொல்லி விற்கப்படுகிறது. அவனுக்கு அணைவது உதவி. ஆனாலும் ஒரே இருப்பில் பிடிக்கும்போதே அணைகிறது என்பது உண்மை. அதனால் ஓரணாவை இரண்டணாவாக மட்டும் உயர்த்தினேன். பெட்டிச் சுருட்டு கொடுக்கும் வாக்கு வேறு. சாய்வு நாற்காலிக்காரனைக் கூப்பிட்டு ஹவானாவின் இடத்தில் உட்கார்கிறது. அதற்குச் சலுகை கிடையாது. ஓரணா. கியூபாவுக்கு முழு நாலணா.

மூன்றாவது ருசி. சிகரெட்டுப் புகை புளிப்புப் பக்கம் சாய்ந்தது. நெஞ்சுக்குள் இழுத்தால்தான் ஏறும். சுருட்டின் புகை காரப் பக்கம் சாய்ந்தது. வாயில் நின்றாலே நிகோடின் ஏறிவிடும். அதனால்தான் சுருட்டை நாக்கால் அளக்க முடிகிறது. உறையூர்ச் சுருட்டு முதல் இழுப்பிலேயே காட்டமாக வந்து இறங்கியது: நல்லெண்ணெய்ச் செக்குப் பக்கம் நிற்பதுபோல ஒரு கனத்த வாசனை, அதன் மேல் மிளகுக் காரம். அந்த முதல் கால் மணி நேரம் உண்மையில் நன்றாக இருந்தது. கியூபாவைவிட நேர்மையான காரம் என்றுகூட நண்பர் சொன்னார். அதற்குப் பிறகு அது நகரவில்லை. பாதியைத் தாண்டியதும் நவச்சார நெடி கிளம்பி மூக்கைக் கமறியது. கடைசி மூன்றில் ஒரு பங்கு வெறும் காறல். கியூபா மெதுவாகத் தொடங்கியது. வறுத்த காப்பிக்கொட்டை, பழைய சந்தனப் பெட்டியைத் திறந்த மணம், நடுவில் ஒரு தித்திப்பு, கடைசியில் காரம் என்று கால் மணிக்கு ஒரு தரம் நிறம் மாறியது. முடிச்சு விழுந்த ஒன்றில் மட்டும் சூடேறி ருசி கசந்துவிட்டது. பெட்டிச் சுருட்டில் முதலில் வந்தது இலையே இல்லை. வெனிலாவோ ஏதோ ஒரு செண்டின் வாசனை. பத்து நிமிஷத்தில் செண்டு போய், கட்டுச் சுருட்டின் அதே நவச்சார நெடி வெளியே வந்தது. கியூபாவுக்கு மூன்றரை, உறையூருக்கு இரண்டு, பெட்டிக்கு ஒன்றரை.

நாலாவது, வாயில் மிஞ்சுவது. வெற்றிலை போட்டுப் பழகிய ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலை மென்று துப்பிய பிறகும் நாக்கில் ஒரு குளிர்ச்சி இருக்கும். முற்றல் வெற்றிலை காரத்தை மட்டும் விட்டுப் போகும். சுருட்டும் அப்படித்தான். கியூபா விட்டுப்போனது காய்ந்த மரத்தின் மணம். இரண்டு மிடறு மோரில் அடங்கியது. உறையூர் விட்டுப்போனது உப்புக்கரிப்பும் காறலும். மோர் குடித்து, சோறு சாப்பிட்டு, மறுநாள் காலை காப்பி வரைக்கும் கூடவே வந்தது. கியூபாவுக்கு மூன்றணா, மற்ற இரண்டுக்கும் ஓரணா.

கூட்டிப் பார்த்தால், கியூபாவுக்குப் பதின்மூன்றரை அணா, உறையூர்க் கட்டுக்கு எட்டணா, பெட்டிக்கு ஆறணா. பெரியம்மா எது எது என்று சொன்னபோது பெரியப்பா மட்டும் சிரித்தார். அவருக்கு முதல் நாளே தெரிந்திருந்தது.

மதிப்பெண் போட்டுவிட்டுக் கிளம்பினால் அது பரீட்சைத் தாள்; திறனாய்வு ஆகாது. எட்டணா ஏன் எட்டணாவோடு நின்றது? கட்டில் சமம், எரிவிலும் ருசியிலும் வாய் மிச்சத்திலும் தோல்வி. அந்த மூன்றும் கையைச் சேர்ந்தவை இல்லை, இலையைச் சேர்ந்தவை. நண்பர் அணைந்த துண்டை நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டு, "கிணத்துத் தண்ணியக் கேளுங்க" என்றார். சாம்பல் சத்து எனும் பொட்டாசியம் ஏறினால் புகையிலை நன்றாக எரியும். குளோரைடு என்கிற கறியுப்பின் பாதி ஏறினால் கனல் நிற்காது. புகைக்கும் இலைக்குக் குளோரைடு இரண்டு விழுக்காட்டுக்குமேல் போனால் எரிவு கெடும் என்பது அந்தத் துறையில் பாலபாடம். மெல்லும் இலைக்கு அந்தக் கவலை இல்லை. உவர்க் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சிய இலைக்குத்தான் காரமும் கனமும் என்று தமிழ்நாட்டுக் குடியானவர்கள் நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறார்கள். ராஜமுந்திரியில் 1947-ல் மத்திய புகையிலை ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனத்தின் கிளை திண்டுக்கல் பக்கம் வேடசந்தூரில் இருக்கிறது. அது பார்க்கும் இலைகளில் மெல்லும் இலையும் உண்டு, சுருட்டு இலையும் உண்டு. ஒரே சீமை, ஒரே கிணறு, இரண்டு உபயோகம்.

காவிரிப் படுகையின் சொந்தப் புகையிலையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வேதாரண்யத்தில் விளைவது அது. காவிரித் தண்ணீர் எட்டாத கடற்கரை மணல். வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு மணலில் தோண்டிய குழியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றி வளர்ப்பார்கள். கொண்டை கிள்ளுவார்கள், கிள்ளக் கிள்ள இலை தடித்துக் காரம் ஏறும். வேதாரண்யம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது உப்பு. 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாக நடந்து, ஏப்ரல் 30-ல் அங்கேதான் உப்பை அள்ளினார்கள். அந்த உப்பு மண்ணில் விளைந்த இலை வாயில் அடக்குவதற்குப் பேர்போனது. பற்ற வைத்தால் சீராக எரியாது. மண் அதற்கு எழுதிய விதி அது. எனவே "நம் இலை மட்டம்" என்று சொல்பவரும் தப்பு, "நம் இலைக்கு ஈடில்லை" என்று சொல்பவரும் தப்பு. மெல்லுவதற்கு வளர்ந்த பழக்கத்தை வைத்துக்கொண்டு புகைக்கும் இலையை வளர்த்தால் எட்டணாதான் வரும்.

உப்பு ஒரு காரணம். அவசரம் இன்னொரு காரணம். நல்ல சுருட்டு இலையை ஆளுயரத்துக்கு அம்பாரமாக அடுக்கிப் புழுங்க விடுவார்கள். உள்ளே தானாகச் சூடேறும். நவச்சார நெடி வெளியேறும். அடுக்கைப் பிரித்து, மேலதைக் கீழாக்கி, மறுபடி அடுக்குவார்கள். பிறகு வருஷக்கணக்கில் இருப்பில் வைப்பார்கள். இது நமக்குத் தெரியாத வித்தையில்லை. புது நெல்லரிசி குழையும், பழைய அரிசி பொலபொலவென்று உதிரும் என்று தெரிந்துதானே குதிரில் போட்டு ஒரு வருஷம் காத்திருந்தோம்? புகையிலைக்கும் அந்தப் பொறுமை வேண்டும். எங்கள் சுருட்டில் பாதிக்குமேல் கிளம்பிய நவச்சார நெடி, அந்தப் பொறுமை காட்டப்படவில்லை என்பதற்கு அத்தாட்சி. சில ரூபாய்ச் சரக்கில் அந்த வருஷங்களுக்கு யார் வட்டி கட்டுவது என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. அதனால்தான் கட்டுச் சுருட்டின்மேல் எனக்குக் கோபமில்லை.

கோபம் பெட்டியின்மேல். பல மடங்கு விலை வாங்கும்போது அந்தப் பணம் இலையைப் புழுங்க வைப்பதற்கும், உப்பில்லாத கிணறு தேடுவதற்கும், தரம் பிரிப்பதற்கும் போயிருக்க வேண்டும். எங்கள் கையில் வந்ததில் அது போயிருப்பது பெட்டிக்கும் பட்டைக்கும் செண்டுக்கும். உள்ளே இருப்பது கட்டுச் சுருட்டின் தம்பி. கட்டுச் சுருட்டின் நேர்மைகூட அதில் இல்லை. மலிவுச் சரக்குக்கும் உயர்ந்த சரக்குக்கும் உள்ள தூரத்தைவிட, உயர்ந்ததுபோல வேஷம் போட்ட சரக்குக்கும் உயர்ந்த சரக்குக்கும் உள்ள தூரம் அதிகம் என்பதுதான் இந்த இரண்டு மாலைகளில் நான் கற்றது.

கியூபாவுக்கும் ஒரு வார்த்தை. எட்டணாவுக்கும் பதின்மூன்றரை அணாவுக்கும் நடுவில் இருப்பது ஐந்தரை அணா. அந்த ஐந்தரை அணாவுக்கு ஆயிரக்கணக்கில் ரூபாய். அதில் ஒரு பகுதி பினார் தெல் ரியோ மாகாணத்து மண்ணுக்கும், வருஷக்கணக்கான இருப்புக்கும். இன்னொரு பகுதி பெயருக்கும் வரிக்கும். அப்படிக் கொடுத்தும் இரண்டில் ஒன்றில் முடிச்சு விழுந்திருந்தது. அத்தை மகன் சொன்னதுபோல அதற்குப் பிறகு இதைத் தொட மாட்டோம் என்று ஆகவில்லை. பெரியப்பா தொட்டார்.

இந்தப் பதினாறணாவில் சேராத ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் சுருட்டு சாது என்று பலர் நம்புகிறார்கள், பெரியப்பாவும் நம்புகிறார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998-ல் சுருட்டுக்கென்றே ஒரு தனி நூல் வெளியிட்டது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகிய இடங்களில் புற்றுநோய் வரும் என்று அது தெளிவாகச் சொல்கிறது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பெட்டிச் சிகரெட்டுக்கு உண்டான புகையிலை இருக்கும். இந்தக் கணக்கில் கியூபாவுக்கும் உறையூருக்கும் அரையணா வித்தியாசம்கூட இல்லை. மரப்பெட்டியின் மேலாவது 85 விழுக்காடு இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. நூல் போட்டுக் கட்டிய சுருட்டில் எங்கள் கைக்கு வந்தபோது அதுவும் இல்லை. மலிவுச் சரக்கை வாங்குகிற வயல்காரனுக்குத்தான் அந்தப் படம் முதலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

மறுவாரம் ஊர் எல்லையில் முனீஸ்வரனுக்குப் படையல். சாராயம், கறி, சுருட்டு. சாமியின் சுதை வாயில் பூசாரி ஒரு கட்டுச் சுருட்டைப் பற்ற வைத்துச் சொருகினார். இழுப்பதற்கு ஆளில்லாமல் கனல் எத்தனை நேரம் நிற்கிறது என்று பார்க்க இதைவிடச் சுத்தமான பரீட்சை கிடையாது. கற்பூரம் அணைவதற்குள் சுருட்டு அணைந்தது. பூசாரி ஒன்றும் பேசாமல் மறுபடி பற்ற வைத்தார். பக்கத்தில் நின்ற பெரியப்பா, "சாமி மடை திறக்கப் போயிருக்கும்" என்றார்.

தீர்ப்பை இப்படிச் சொல்வேன். கைத்திறனில் உறையூர் ஹவானாவுக்குச் சமம். இலையில் தோற்கிறது, அதற்குக் காரணம் உப்பும் அவசரமும். சொன்ன வாக்கைக் காப்பாற்றுவதில் கட்டுச் சுருட்டு எட்டணாவுக்கு நாணயமானது. 'பிரீமியம்' பெட்டி ஆறணாவுக்கு ஏமாற்றுவது. இதுவரை பிடிக்காதவர்கள் மூன்றில் எதையும் தொட வேண்டாம். நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை. பெட்டி போட்டு விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சர்ச்சில் பேச்சை நிறுத்திவிட்டு, இலை எந்த ஊர், எந்த வருஷத்து அறுவடை, எத்தனை மாதம் புழுங்கியது என்று அட்டையில் எழுதுங்கள். மூன்றையும் எழுத முடியாவிட்டால், பெட்டியை விட்டுவிட்டு நூல் போட்டுக் கட்டியே விற்றுவிடுங்கள்.